புழு எண்ணெய்க் கடை

"எண்ணெய் யாவாரம் பண்றவன் பொழுதுக்கும் தொடச்சுக்கிட்டே இருக்கோணும்" என்று என் பெரிய மாமா சொல்வார். எதைத் துடைக்க வேண்டும் என்பதையும் சொன்னார், அதுதான் மறந்துவிட்டது. கையை என்றாரா, வாயை என்றாரா? சேலத்தில் அவருடைய எண்ணெய்க் கடையில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டே கேட்டது. நானே ஒருநாள் எண்ணெய்க் கடை வைப்பேன் என்று தெரிந்திருந்தால் முறுக்கைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டிருப்பேன்.

கடை வைத்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கேள்வி கேட்கிறவர் வாங்க மாட்டார். கேட்காமல் வாங்குகிறவர் அடுத்த வாரம் வந்து கேட்பார். என் சரக்குக்குக் கேள்விகள் கொஞ்சம் அதிகம், ஏனென்றால் நான் விற்றது புழு எண்ணெய்.

பள்ளிக்கூடம் எனக்கு ஏற்காட்டில்தான். வகுப்பில் இங்கிலீஷ், வெளியே தமிழ். அந்த இங்கிலீஷ் என்னை அஸ்ஸாமில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராகக் கொண்டுபோய் உட்கார்த்தியது. அங்கே பக்கத்துக் கிராமங்களில், பட்டுக்கூட்டில் நூலை எடுத்தபின் உள்ளே மிஞ்சும் புழுவை வறுத்துச் சாப்பிடுவார்கள். முந்திரிக்கும் கருவாட்டுக்கும் இடையில் ஒரு ருசி. வறுக்கும்போது சட்டியில் கசியும் எண்ணெயைச் சோற்றில் ஊற்றிக்கொள்வார்கள். தலை நரைத்து நான் ஊர் திரும்பியபோது, இந்தப் பக்கமும் பட்டு நூல் எடுக்கும் ஷெட்டுகள் வந்திருந்தன. புழுவைக் கூடை கூடையாக உரக்குழியில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஏற்காட்டுக் கடைத்தெருவில் ஓர் அறை பிடித்தேன். பின்கட்டில், கையால் திருகிப் பிழியும் சின்ன பிரஸ் ஒன்று. வாசலில் பலகை: "பட்டுப்புழு எண்ணெய். சமையலுக்கு."

உடம்புக்கு நல்லதா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. "நல்ல கொழுப்புங்க, சோத்துல ஊத்திச் சாப்பிட்டா பசி தாங்கும், கொஞ்சம் சதை பிடிக்கும். அதுக்கு மேல எனக்குத் தெரியாதுங்க." கடைசி வாக்கியத்தை யாரும் காதில் வாங்கியதில்லை.

மூட்டையும் மலைப் பாதையும்

புழு சேலத்துக்குப் பக்கத்து ஷெட்டிலிருந்து பஸ்ஸில் வரவேண்டும். நூல் எடுப்பவர்கள் கூட்டை வெந்நீரில் போட்டு அவித்துவிடுவார்கள், அதனால் புழு நெளியாது. நாறும். முதல் தடவை இது எனக்குத் தோன்றவில்லை. மூட்டையை சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தேன்.

அடிவாரம் வருவதற்குள் முன் சீட்டுக் குழந்தை வாந்தி எடுத்தது. பிறகு குழந்தையின் அம்மா. அப்புறம், நேர்த்திக்கடன் போல வரிசையாக எல்லோரும். கண்டக்டர் மோப்பம் பிடித்துக்கொண்டே வந்து என் காலடியில் நின்றார். நான் டிக்கெட்டை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை.

"ஏனுங்க, கொண்டை ஊசி வளைவுல வாந்தி எடுக்கறவங்களைத் தெனமும் பாக்கறனுங்க. வளைவு வர்றதுக்கு முன்னாடியே எடுக்க வெச்சது நீங்க ஒருத்தர்தானுங்க!"

அதற்கப்புறம் புழுவை ஷெட்டிலேயே வெயிலில் காயவைத்து, ஜீப்பின் கூரையில் ஏற்றிக் கொண்டுவந்தேன்.

பக்கத்துக் கடை

என் கடைக்கு இடது பக்கம் கரீம் பாயின் மளிகைக் கடை. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காயெண்ணெய் எல்லாம் டின் டினாக வைத்திருப்பவர். போட்டி என்று அவர் நினைக்கவில்லை. என் பலகையைப் பார்த்த நாளிலிருந்து அவருக்கு என்மேல் ஒரு பரிவு.

"நமக்கு இது ஆகாதுங்க, நான் தொடமாட்டேன். நாக்குல வெக்காம ஒரு யோசனை மட்டும் சொல்றேன்" என்று ஒருநாள் காலையில் டீயோடு வந்தார். முதல் வாரம் முழுக்க என் கடையில் ஈ மட்டுமே வந்து போனதை அவர் பார்த்திருந்தார்.

"சமையலுக்குன்னு எழுதி வெச்சிருக்கீங்களே, அதை அழிச்சிருங்க. எண்ணெய்ன்னு வித்தா எங்கிட்ட வாங்குவாங்க. மருந்துன்னு வித்தாத்தான் உங்ககிட்ட வாங்குவாங்க."

ஆடும் தழைதான்

நான் அழிக்கவில்லை. புரட்டாசி மாதம் கவுண்டர் வீட்டு அம்மா ஒருவர் கடைவாசலில் நின்று, உள்ளே வராமலே கேட்டார்: "ஏனுங்க, இது சைவமுங்களா?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் பதில் தயாராக வைத்திருந்தேன். "அம்மா, இந்தப் புழு பொறந்ததுலேர்ந்து மல்பெரி இலையைத் தவிர எதையும் தொடாதுங்க. மண்ணுல ஊராது, அழுகுனதைத் திங்காது. தெனமும் பச்சைத் தழை. இதை விடச் சுத்தமான ஜீவன் உண்டுங்களா?"

அவர் பொறுமையாகக் கேட்டார். தலையைக்கூட ஆட்டினார். எனக்கே என் பேச்சு பிடித்துப்போய், பாட்டிலைக் கையில் எடுத்துவிட்டேன்.

"அப்படிப் பாத்தா, ஆடும் தழைதானுங்களே திங்குது!"

லாட்ஜ் பூனை

சீசனில் வரும் வெளியூர்க்காரர்களுக்காகப் பலகையின் கீழே இங்கிலீஷிலும் ஒரு வரி எழுதினேன். இரண்டு மொழியில் படித்ததற்கு ஊரில் வேறு உபயோகம் இருக்கவில்லை. இங்கிலீஷில் படித்தவர்கள் புழுவை விட்டுவிட்டுப் பட்டு என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். மெட்ராஸிலிருந்து வந்த ஒரு தம்பதி, சமையலுக்கு என்று நான் எவ்வளவு சொல்லியும், முடி பட்டு மாதிரி ஆகும், தலைக்குத்தான் வேண்டும் என்று ஒரு பாட்டில் வாங்கிப் போனார்கள்.

மறுநாள் ஏரிக்கரையில் அந்த அம்மாளைப் பார்த்தேன். தலைக்கு ஸ்கார்ப் கட்டியிருந்தார். கண்கள் சிவந்திருந்தன. எண்ணெய் எப்படி என்றேன்.

"எண்ணெய் நல்லாத்தான் சார் இருக்கு. லாட்ஜ் பூனைதான் விடியிற வரைக்கும் என் தலையை நக்கிட்டே இருந்தது."

முட்டிக்கு முட்டியிலேயே

மெல்ல மெல்ல கூட்டம் வந்தது. வந்தவர்கள் பலகையைப் படிக்கவில்லை, எனக்காக அவர்களே ஒரு பலகை மனசுக்குள் எழுதிக்கொண்டு வந்தார்கள். மூலத்துக்கு ஒருவர், மூச்சிரைப்புக்கு ஒருவர், பால் சுரக்க ஒருவர், படிப்பு ஏறாத பையனுக்கு ஒருவர். புழுவிலிருந்து வருகிறது, நாறுகிறது, விலையும் கொஞ்சம் அதிகம். அப்படியென்றால் மருந்தாகத்தானே இருக்கவேண்டும்? நான் "சமையலுக்குங்க" என்பேன். அவர்கள் கண்ணைச் சிமிட்டுவார்கள், ஏதோ சட்டத்துக்குப் பயந்து நான் அப்படிச் சொல்வதைப்போல.

தலைச்சோலையிலிருந்து ஒரு பெரியவர், காபித் தோட்டம் கொஞ்சம் வைத்திருப்பவர், இரண்டு முழங்காலிலும் எண்ணெய் வழிய வழியக் கடைக்கு வந்து நின்றார். சோற்றில் ஊற்றித்தானே சாப்பிடச் சொன்னேன் என்றேன்.

"வாயில போட்டா முட்டிக்கு எறங்கறதுக்கு எத்தனை நாளாகுமோ, யாரு காத்திருக்கறது? அதான் முட்டிக்கு முட்டியிலயே குடுத்துட்டனுங்க."

நாற்றம் போயிற்று

மருந்து என்ற பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைக்க வழி கண்டுபிடித்தது என் மனைவி ருக்மணி. ஆத்தூர்க்காரி, சமையலில் யாருக்கும் சளைத்தவள் இல்லை. "நாத்தம் இருக்கற வரைக்கும் மருந்துன்னுதான் நெனப்பாங்க" என்று சொல்லி, எண்ணெயைக் காய்ச்சி அதில் புளி உருண்டையும் இஞ்சித் துண்டும் போட்டுப் பொரித்தெடுத்தாள். நாற்றம் நிஜமாகவே போய்விட்டது. அந்த எண்ணெயில் அவள் சுட்ட தோசையை கரீம் பாய் ஆசையோடு முகர்ந்து பார்த்துவிட்டு, பெருமூச்சோடு திருப்பிக் கொடுத்தார்.

நாற்றத்தோடு கூட்டமும் போயிற்று. வாராவாரம் வருபவர்கள் பாட்டிலைத் திறந்து, முகர்ந்து, முகம் வாடி, என்னை ஏதோ கலப்படக்காரனைப் போலப் பார்த்தார்கள். மூச்சிரைப்புக்கு வாங்குகிறவர் பாட்டிலைத் திருப்பியே வைத்துவிட்டார்.

"நாத்தத்தையெல்லாம் எடுத்துட்டீங்களே ரைட்டரய்யா, அதுலதானுங்க சக்தியே இருந்துச்சு!"

ருக்மணி புளியை மறுபடி ஜாடிக்குள் போட்டுவைத்தாள். நான் பழையபடியே விற்றேன். சாப்பிடுகிற பொருள்தானே, என்ன நினைத்துத் தின்றால் என்ன என்று விட்டுவிட்டேன். அப்போது அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

கெட்ட ரத்தம்

ஒரு லாட்ஜில் சமையல் வேலை பார்த்த ஒருவர், என் எண்ணெயில் வடை சுட்டு, விருந்தாளிக்குக் கொடுக்கும் முன் தானே நாலு தின்று பார்த்திருக்கிறார். ஒரு மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாகி, உதடு பணியாரம் மாதிரி வீங்கிவிட்டது. ஊசி போட்டுச் சரியாயிற்று. விசாரித்தபோது, இறால் சாப்பிட்டாலும் அவருக்கு இப்படித்தான் ஆகுமாம். அன்றிலிருந்து, "இறால் ஒத்துக்குமுங்களா?" என்று கேட்காமல் நான் யாருக்கும் விற்பதில்லை. மலைமேல் இருப்பவர்களிடம் இறாலைப் பற்றி ஏன் கேட்கிறான் என்று பலர் குழம்பினார்கள்.

அதை விடுங்கள். அந்தச் சமையல்காரர் வீக்கம் வடிந்ததும் நேராக என் கடைக்கு வந்தார். திட்டப் போகிறார் என்று எழுந்து நின்றேன்.

"உள்ளிருந்த கெட்ட ரத்தமெல்லாம் ஒரே நாள்ல மேல வந்துருச்சுங்க. இன்னொரு பாட்டில் குடுங்க, மிச்சத்தையும் எடுத்துருவோம்."

கொடுக்கவில்லை. இரண்டு மாதம் என்னோடு பேசாமல் இருந்தார்.

வளையல்

கிளியூர்ப் பாப்பாத்தியைப் பற்றி முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். எஸ்டேட்டில் காபி பறிக்கிற, மிளகு பறிக்கிற வேலை. முதல் தடவை கடைக்கு வந்தபோது சேலைக்குள் ஆள் இருக்கிறாரா என்று சந்தேகமாக இருந்தது. டி.பி. என்று ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்திருந்தார்கள். நன்றாகச் சாப்பிடவும் சொல்லியிருந்தார்கள். சாப்பாடுதான் இறங்கவில்லை.

என் கடையில் எண்ணெயைச் சோற்றுக்கென்றே முதலில் வாங்கியவர் அவர்தான். சாமைச் சோற்றில் ஊற்றி, வெங்காயமும் பச்சை மிளகாயும் கடித்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறார். பிடித்துப்போய்விட்டது. நாற்றமா என்று கேட்டேன். "நம்ம மூக்குக்கு ஒண்ணும் தெரியலீங்க, பசிக்கு நொம்ப நல்லா இருக்குது" என்றார். மாதங்கள் போகப் போகக் கன்னத்தில் சதை வைத்தது. மாத்திரை நோயை அடக்கியது, சோறு இறங்கியது, சோறு இறங்குவதற்கு எண்ணெய் கொஞ்சம் கைகொடுத்தது. என் கணக்கு இவ்வளவுதான். பாப்பாத்தியின் கணக்கு வேறு. ஞாயிற்றுக்கிழமை கடைத்தெரு நிரம்பியிருக்கும்போது, என் கடை முன்னால் நின்று கையைத் தூக்கிக் காட்டினார்.

"பாருங்க சாமி, முழங்கை வரைக்கும் ஓடுன வளையலு, இப்ப மணிக்கட்டை விட்டு நகரமாட்டேங்குது! எல்லாம் ரைட்டரய்யா எண்ணெயுங்க!"

அன்று சாயங்காலத்துக்குள் கடையில் ஒரு பாட்டில் மிஞ்சவில்லை. பொய் சொல்லமாட்டேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நின்றுபோன மாத்திரை

அடுத்த மழைக்காலத்தில் பாப்பாத்தி கடைக்கு வந்தபோது வளையல் மறுபடி கொஞ்சம் ஓடியது. இருமினார். இருமலை முந்தானைக்குள் மறைத்தார். மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன். தீரவில்லை. நிறுத்திவிட்டார். அதைச் சாப்பிட்டால் ஒண்ணுக்குச் செக்கச்செவேலென்று போகிறதாம். அப்படித்தான் போகும், பயப்பட வேண்டாம் என்று ஆஸ்பத்திரி நர்ஸம்மா சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் பயம்.

"ரெண்டு மருந்து ஒரே ஒடம்புல இருந்தா சண்டை போட்டுக்குமுங்களே. அதான், பயமுறுத்தற மருந்தை நிறுத்திட்டு, நல்ல மருந்தை வெச்சுக்கிட்டனுங்க."

நல்ல மருந்து என் அலமாரியில் வரிசையாக நின்றுகொண்டிருந்தது.

நானும் ருக்மணியும் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். நர்ஸம்மா சளியைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பரிசோதனை முடிவு வந்த நாளில், நோய் மறுபடி தலை தூக்கியிருக்கிறது, முதலிலிருந்து மாத்திரையை ஆரம்பிக்க வேண்டும், இந்தத் தடவை நடுவில் நிறுத்தினால் அப்புறம் எந்த மாத்திரையும் பிடிக்காது, ஆளே இருக்கமாட்டார் என்று பாப்பாத்தியின் முகத்தைப் பார்த்தே சொன்னார்கள். பாப்பாத்தி பொட்டலத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். அதை அவர் திறக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வெளியே வரும்போது நர்ஸம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள்.

"நீங்கதான் அந்த எண்ணெய் டாக்டருங்களா?"

மருந்து இல்லீங்க

அன்று பாப்பாத்தியைக் கடைக்குள் உட்காரவைத்துச் சொன்னேன். இது வெறும் எண்ணெய். தேங்காயில் எடுத்தால் தேங்காயெண்ணெய், புழுவில் எடுத்தால் புழு எண்ணெய். இதற்கு டி.பி. கிருமியைத் தெரியவே தெரியாது. நோயை அடக்கியது மாத்திரைதான். எனக்குத் தெரிந்த தமிழ் எல்லாவற்றையும் செலவழித்தேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கு நம்பிக்கை வந்தது.

"எத்தனை பெரிய மனசுங்க உங்களுக்கு. இத்தனை பேரைப் பொழைக்க வெச்சுப்போட்டு, ஒண்ணுமில்லைங்கறீங்களே!"

அவருக்கு எண்ணெய் கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன். வாக்குவாதம் செய்யாமல் எழுந்து போனார். மறுநாள் காலை கிளியூரிலிருந்து வேறொரு பெண் வந்து ஒரு பாட்டில் கேட்டாள். அதற்கு மறுநாள் வந்தவள் இரண்டு கேட்டாள். இரண்டாவது யாருக்கு என்றேன்.

"அதைச் சொல்லக்கூடாதுன்னு பாப்பாத்தியக்கா சொல்லியிருக்குதுங்க."

இரண்டில் ஒன்று

கரீம் பாய் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அன்று மத்தியானம் டீ கொண்டுவந்தபோது யோசனை ஒன்றும் கொண்டுவரவில்லை. கடையில் விற்கிற பாட்டில்களில் முக்கால்வாசி, மருந்து என்று நம்பி வாங்குகிறவர்களுக்குத்தான் போகிறது. சோற்றில் ஊற்றிக்கொள்பவர்களை ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிடலாம். அது எனக்கே தெரியும், அவர் சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் சொன்னார்.

"மருந்து இல்லைன்னு நம்ப வெச்சீங்கன்னா கடை படுத்துரும். மருந்துன்னே விட்டீங்கன்னா அந்தம்மா படுத்துரும். ரெண்டுல எதுன்னு பாருங்க."

டீ ஆறிப்போயிற்று. எதிரே எஸ்டேட் வேலைக்குப் போய்த் திரும்பும் பெண்கள் காலி தூக்குப்போசியை ஆட்டிக்கொண்டே நடந்தார்கள். காலையில் அந்தப் போசிகள் எல்லாம் சோற்றோடு என் கடையைத் தாண்டித்தான் போகின்றன. மாமா துடைக்கச் சொன்னது கையையா, வாயையா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு எழுந்துபோய் அலமாரியில் இருந்த பாட்டில்களைத் திறந்து, எண்ணெயை எல்லாம் பெரிய டின்னில் ஊற்றினேன். ருக்மணி பின்கட்டுக்குப் போனாள். சாம்பார்க் கரண்டி ஒன்றைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தாள்.

மறுநாள் காலையில் பழைய பலகையைக் கழற்றி, "பாட்டில் யாருக்கும் கிடையாது; போசியில் சோறு கொண்டு வந்தால் ஒரு கரண்டி ஊற்றப்படும்" என்று எழுதி மாட்டினேன்; பாப்பாத்திக்கு மட்டும் கரண்டிக்கு முன்னால் மாத்திரை, என் கண்ணெதிரே, தண்ணீரோடு.